கல் விழாது, கல்யாணம் நடக்கும்

'முந்நூற்றில் ஒன்று' என்று சொல்லி முடித்த பிறகுதான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று தசமத்துக்குத் தோன்றியது. எதிரே உட்கார்ந்திருந்த வருங்காலச் சம்பந்தி, உதட்டருகே கொண்டுபோன தேநீர்க் கோப்பையை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"முந்நூத்துல ஒண்ணுன்னா? என்ன முந்நூத்துல ஒண்ணு?"

"அந்தக் கல்லு பூமி மேல விழறதுக்கான வாய்ப்புங்க. இன்னும் ஒன்பது வருஷம் இருக்கு. அதுவும் சின்னக் கல்லுதான்."

"சின்னதுன்னா?"

"ஒரு கல்யாண மண்டபம் அளவு இருக்கும்."

கல்யாண மண்டபம் பிடிப்பது பற்றிப் பேசத்தான் இரண்டு குடும்பமும் அன்று கூடியிருந்தது. வேறு எந்த அளவும் அந்த நேரத்தில் தசமத்தின் வாயில் வரவில்லை.

தசமம் என்பது அவருக்கு அலுவலகம் வைத்த பெயர். வானத்தில் சுற்றும் கற்களில் எது எப்போது பூமிப் பக்கம் எட்டிப் பார்க்கும் என்று கணக்குப் போடும் அலுவலகம் அது. எதைக் கேட்டாலும் புள்ளி வைத்து, பின்னால் மூன்று இலக்கம் சேர்த்துத்தான் பதில் சொல்வார். மகளுக்கு இந்தப் பையனைப் பார்த்தபோதும் படிப்பு, உத்தியோகம், உயரம், குடும்பம் எல்லாவற்றையும் போட்டுப் பிசைந்து, பொருத்தம் 0.931 என்று வீட்டில் அறிவித்தார். "யோசிச்சுச் சொல்றேம்ப்பா" என்றாள் மகள். யோசிப்பதை முக்கால்வாசிச் சம்மதமாக அவர் வரவு வைத்துக்கொண்டார். மீதிக் கால்வாசியை அவள் அம்மா பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டார்.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து "ஆபீஸ்ல நீங்க என்னதான் பண்றீங்க?" என்று அவரிடம் ஒரு ஜீவன் கேட்டதில்லை. மனைவிகூட "ஏதோ கல்லு, மண்ணு" என்று முடித்துவிடுவாள். இன்று மாப்பிள்ளைப் பையன், அவர் ஒரு பல் டாக்டர், முன்னால் சாய்ந்து மரியாதையாகக் கேட்டதும் மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று காலையில்தான் வந்திருந்த கணக்கை, சூடு ஆறுவதற்குள் எடுத்துப் பரிமாறிவிட்டார்.

பரிமாறிய இடம்தான் சரியில்லை. சம்பந்தியின் உத்தியோகம் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். ஊரில் அவர் சரி என்று சொல்லாமல் ஒரு லிஃப்ட் ஏறாது, இறங்காது. பெரும்பாலும் சரி என்று சொல்லவும் மாட்டார்.

"நான் ஒரு லிஃப்டைப் பாக்கறேன்னு வெச்சுக்குங்க," என்றார் அவர். "முந்நூறு தடவை ஏறினா ஒரு தடவை கயிறு அறுந்துடும்னு தெரியுது. நான் என்ன பண்ணுவேன்?"

"இது லிஃப்ட் இல்லீங்களே."

"பூட்டுப் போடுவேன். அவ்வளவுதான்."

"மீதி இருநூத்தித் தொண்ணூத்தொம்பது தடவை ஒண்ணும் ஆகாதுன்னும் அதுக்கு அர்த்தம் இருக்குங்க."

"விழுந்தவன்கிட்டப் போய் அதைச் சொல்லுங்க." சம்பந்தி விரல்விட்டு எண்ணினார். "ஒன்பது வருஷம். இப்பக் கல்யாணம் ஆச்சுன்னா, அப்போ என் பேரப்பிள்ளை மூணாங்கிளாஸ் படிக்கும். மூணாங்கிளாஸ் படிக்கற குழந்தை தலையில கல்யாண மண்டபம் விழணுமா?"

தசமத்தின் மனைவி அவரைப் பார்த்த பார்வையில் அந்தக் கல் நடுவானிலேயே பொடியாகியிருக்கும்.

"அப்பா, நீங்க வேற," என்று மாப்பிள்ளைதான் சமாதானத்துக்கு வந்தார். "மாமாவே போட்ட கணக்கு. அதுல தப்பே இருக்காது."

அந்தச் சமாதானம் எந்தப் பக்கம் போய் வேலை செய்தது என்பதைக் கவனிக்காமல் தசமம் பூரித்துப்போனார். என்ன பணிவு, என்ன மரியாதை! 0.931 என்பதை 0.940 ஆக்கலாமா என்றுகூட ஒரு யோசனை ஓடியது.

"ஒரே வாரம் குடுங்க சம்பந்தி," என்றார். "இன்னும் கொஞ்சம் அளவு எடுத்தோம்னா கணக்கு தானா இறங்கி ஒண்ணுமில்லாமப் போயிடும். நான் பொறுப்பு."

"அப்ப இறங்கட்டும். தேதியை அப்புறம் குறிச்சுக்கலாம்," என்று சம்பந்தி எழுந்துவிட்டார்.

அவர்கள் போன கையோடு மனைவி கதவைச் சாத்தினாள்.

"ஏங்க, உங்களுக்குக் கொஞ்சமாவது இருக்கா? பொண்ணு என்ன படிச்சிருக்கான்னு கேட்டாங்க, சொன்னேன். சமைப்பாளான்னு கேட்டாங்க, பையன் சமைப்பாரான்னு திருப்பிக் கேட்டேன். எல்லாம் நல்லபடியாப் போயிட்டிருந்துச்சு. வானத்துல இருக்கற கல்லை எடுத்து நடுவீட்டுல போட்டீங்களே!"

"கேட்டாரு, சொன்னேன்."

"உங்க வயசு என்னன்னு நான் கேட்டா மட்டும் ரெண்டு வருஷம் குறைச்சுச் சொல்றீங்க. இதுல ஒரு ரெண்டு சைபர் கூட்டிச் சொல்லியிருக்கக் கூடாதா?"

மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். "அப்பா, அது இறங்கிடும்னு நிச்சயமாத் தெரியுமா?"

"கவலையே படாதேம்மா."

"ஏறவும் வாய்ப்பு இருக்கா?"

பாவம், குழந்தை எவ்வளவு கலங்கிப்போயிருக்கிறது என்று தசமத்துக்கு நெஞ்சு கனத்தது. அவருடைய வேலையைப் பற்றி அவள் வாயைத் திறந்து கேட்பது இதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் புது அளவுகள் வந்தன. தசமம் கணக்கைப் போட்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டார். நூற்றுப் பத்தில் ஒன்று.

இயக்குநர் அம்மாவின் அறைக்குப் போனார். இயக்குநர் அம்மா எதற்கும் பதறாத பெண்மணி. பதறினால் ஊரே பதறும் என்பதால் அலுவலகமே அவரிடம் பதற்றத்தைக் காட்டுவதில்லை.

"மேடம், இதை ஒரு பத்து நாள் கழிச்சு வெளியிட முடியுமா?"

"எதுக்கு?"

"வீட்டுல ஒரு விசேஷம்."

இயக்குநர் அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "உலகம் பூரா இருக்கற எல்லாரும் இதே கணக்கைத்தான் போட்டுட்டு இருக்காங்க. உங்க வீட்டு விசேஷத்துக்காகக் கல்லு நிக்குமா? நீங்களே புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக்குடுக்கற விஷயம்தானே. முதல்ல ஏறும், அப்புறம் சட்டுனு விழுந்துடும். இது நல்ல அறிகுறி."

அலுவலகத்தில் யார் கேட்டாலும் அது நல்ல அறிகுறிதான். அலுவலகத்துக்கு வெளியே அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ள ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். செய்தி வெளியாகிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, சம்பந்தி தொலைபேசியில் வந்தார்.

"பையன் இப்பத்தான் காட்டினான். இறங்கும்னீங்க. ஏறியிருக்கு."

"ஏறினா நல்ல அறிகுறிங்க."

"சம்பந்தி, கயித்துல இருக்கற விரிசல் நாளுக்கு நாள் பெருசாகுது. அதைப் பாத்து நான் நல்ல அறிகுறின்னு சொன்னா, என் வேலை இருக்குமா?"

"நேர்ல வந்து விளக்கறேன்."

நேரில் போய் விளக்குவது என்பது தசமத்தின் வாழ்க்கையில் பல காரியங்களைக் கெடுத்திருக்கிறது. அதற்காக அவர் அதைக் கைவிட்டதில்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனார். ஆறாவது மாடி. லிஃப்ட் வாசலில் ஒரு பூட்டுத் தொங்கியது. சத்தம் சரியில்லை என்று சம்பந்தியே போட்ட பூட்டு. அந்தக் குடியிருப்பில் அவருக்கு வணக்கம் சொல்லுகிறவர்கள் குறைவாக இருந்ததற்கு அதுதான் காரணம் போலிருக்கிறது.

மூச்சு வாங்கி முடித்ததும் தசமம் மேசை விரிப்பை உருவினார். தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து வெறும் மேசை நடுவில் வைத்தார்.

"இந்த பிஸ்கட்தான் பூமி. இந்தத் துணி இருக்கு பாருங்க, கல்லு போகக்கூடிய இடம். எங்கே போகும்னு சரியாத் தெரியாததால துணி இவ்வளவு பெருசா இருக்கு. மாப்பிள்ளை, அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க."

மாப்பிள்ளை ஆர்வமாக எழுந்து வந்து பிடித்துக்கொண்டார். இருவருமாக விரிப்பைப் பிஸ்கட்டுக்கு மேலே கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்தார்கள்.

"அளவு எடுக்க எடுக்க எங்களுக்கு விஷயம் தெளிவாகுது. துணி சுருங்குது." பாதியாக மடித்தார். "பிஸ்கட் அதே அளவுதான். ஆனா துணி சின்னதானதால, துணிக்குக் கீழே அதோட பங்கு கூடியிருக்கு. வாய்ப்பு ஏறிடுச்சுன்னு ஊர் அலறுது. உண்மையில ஒண்ணும் ஆகலை." இன்னொரு மடிப்பு. "இன்னும் ஏறுது. பயப்படக் கூடாது." இன்னொன்று. "இப்ப கடைசியா மடிக்கறோம். துணி வெறும் நாடா மாதிரி ஆயிடும். பிஸ்கட் வெளியே வந்துடும். பாருங்க."

பார்த்தார்கள். நாடா பிஸ்கட்டுக்கு நேர் மேலே நின்றது.

"கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை நகர்ந்தார். எந்த மாயமோ, நாடா மறுபடியும் பிஸ்கட்டின் நட்டநடுவில் வந்து நின்றது. தசமம் இந்தப் பக்கம் இழுத்தால் அந்த முனை அந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கம் தள்ளினால் இந்தப் பக்கம் வந்தது. ஆத்திரத்தில் அவர் வெடுக்கென்று இழுக்க, ஓரத்திலிருந்த தேநீர்க் கோப்பை கவிழ்ந்து உருண்டு பிஸ்கட் மேல் ஏறியது.

"பூமி போச்சு," என்றார் மாப்பிள்ளையின் அம்மா, துடைக்கத் துணி தேடியபடி.

சம்பந்தி அந்தப் பொடியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சாயங்காலம் ஒருத்தர் வர்றேன்னு சொல்லியிருக்கார்," என்றார். "அவருக்கும் ஒரு பொண்ணு இருக்கு. பேங்க்ல இருக்கார். வானத்துக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை."

படியிறங்கும்போது மனைவி கேட்டாள். "ஏங்க, பேங்க்காரர் பொண்ணைக் கட்டினா மட்டும் கல்லு வேற வழியாப் போயிடுமா?"

தசமம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படிகளை எண்ண ஆரம்பித்தார்.

இந்த நிலையில்தான் தொலைக்காட்சிக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். தசமம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார். ஊருக்கே தைரியம் சொன்னால் சம்பந்திக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்பது அவர் கணக்கு.

"சுத்தி வளைக்காம ஒரே வார்த்தையில சொல்லுங்க சார்," என்றாள் பேட்டி எடுத்த பெண். "கல்லு விழுமா, விழாதா?"

விழாது என்று மூன்றெழுத்தைச் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஊரும் தூங்கியிருக்கும். ஆனால் பொய் சொல்ல அந்த நாக்குக்குப் பழக்கமில்லை.

"விழாதுன்னு நூத்துக்கு நூறு இப்பவே சொல்லிட முடியாதுங்க. ஆனா..."

ஆனாவுக்குப் பிறகு அவர் பதினைந்து நிமிடம் அருமையாகப் பேசினார். துணி, பிஸ்கட் எல்லாம் வந்தது. ஒளிபரப்பில் ஆனாவும் அதற்குப் பின்னால் வந்த எல்லாமும் வெட்டுப்பட்டுக் காணாமல் போயின. 'விழாது என்று சொல்ல முடியாது: அதிகாரி திடுக்கிடும் ஒப்புதல்' என்று திரையின் அடியில் சிவப்பில் ஓடிக்கொண்டே இருந்தது. போதாக்குறைக்கு அன்றைக்குத்தான் கணக்கு நாற்பதில் ஒன்றுக்கு ஏறியது.

சம்பந்தி இந்தத் தடவை குரலை உயர்த்தக்கூட இல்லை. "பையன் வீடியோவை அனுப்பினான், பாத்தேன். இந்தக் கல்யாணத்துக்குப் பூட்டுப் போட்டாச்சு சம்பந்தி. உங்க கணக்கு சைபருக்கு வந்தா வாங்க, திறக்கலாம். நாலாயிரத்துல ஒண்ணு, நாலு லட்சத்துல ஒண்ணுன்னு எல்லாம் வந்து என் காதுல பூ சுத்தக் கூடாது. சைபர். இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்புறம் பேங்க்காரர்தான்."

தசமம் உட்கார்ந்த இடத்திலேயே உடைந்துபோனார். ஒரே பெண். நல்ல இடம். பாழாய்ப்போன ஒரு கல்லால் கைநழுவிப் போகிறது. அதுவும் தானே கணக்குப் போட்ட கல்.

மகள்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "விடுங்கப்பா. நாப்பதுல ஒண்ணா? நாளைக்கு இன்னும் ஏறுமா?"

"பயப்படாதேம்மா. அப்பா இருக்கேன்."

"நான் பயப்படலைப்பா."

இவ்வளவு துக்கத்தையும் உள்ளே வைத்துக்கொண்டு எப்படிச் சிரித்த முகமாக இருக்கிறாள் என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அம்மாவாக இருந்தால் இந்நேரம் வீடு இரண்டாகியிருக்கும்.

அன்றிலிருந்து தசமம் அலுவலகத்தில் ஒருவரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. தொலைநோக்கியை இயக்குகிறவரின் மேசையருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் மலைமேல் இருக்கும் தொலைநோக்கியை இங்கிருந்தே பொத்தான்களால் திருப்புகிறவர். "இன்னொரு தடவை பாருங்க" என்பார் தசமம். "மேகம் சார்" என்பார் அவர். "மேகம் எப்ப விலகும்?" "அதுக்கு வேற ஆபீஸ் இருக்கு சார், அங்கே கேளுங்க." கல்லோ நாளுக்கு நாள் விலகிப்போய் மங்கிக்கொண்டே வந்தது. இப்போது விட்டால் அடுத்து கண்ணில் படச் சில வருடங்கள் ஆகும். அதுவரை நாற்பதில் ஒன்று அப்படியே தொங்கும். பேங்க்காரர் வீட்டில் பேரப்பிள்ளையே பிறந்துவிடும்.

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தபோது மேகம் விலகியது. ஒரே ஒரு மங்கலான புள்ளி, அதுவும் ஓரத்தில், படத்தில் விழுந்தது. தசமம் அதைக் கணக்கில் சேர்த்தார். கடைசி மடிப்பு மடிந்து, துணி நாடாவாகி, பிஸ்கட்டை விட்டு எங்கேயோ போய் விழுந்தது.

சைபர். புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் போட்டுப் பார்த்தாலும் சைபர்.

உலகம் பிழைத்துக்கொண்டது. இயக்குநர் அம்மா தலையை ஆட்டிவிட்டு அடுத்த கோப்பை எடுத்தார். தொலைநோக்கிக்காரர் சாப்பிடப் போனார். தசமம் மட்டும் நடுக்கூடத்தில் நின்று தனியாகக் கைதட்டினார். பிறகு மகளின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அம்மாடி, சைபராயிடுச்சு! சுத்தமா சைபர்! நான் நேரா அவங்க வீட்டுக்குத்தான் போறேன்."

"நல்லாப் பாத்தீங்களாப்பா?"

"நாலு தடவை பாத்துட்டேன்."

"சரிப்பா," என்றாள் மகள். குரல் கம்மியிருந்தது. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இவர் வாசலுக்கு ஓடினார்.

ஆறு மாடியும் ஓட்டமாக ஏறினார். சம்பந்தி கதவைத் திறந்தார்.

"சைபர்!" என்றார் தசமம், நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு.

"சைபருக்குப் பக்கத்துலயா, சைபரேவா?"

"சைபரே. விழவே விழாது. ஒன்பது வருஷம் கழிச்சு அந்தப் பக்கமாப் போயிடும். எட்டிக்கூடப் பாக்காது."

சம்பந்தி அவரைக் குறுக்கு விசாரணை செய்தார். யார் பார்த்தது, எதில் பார்த்தது, மறுபடி ஏறுமா, ஏறினால் யார் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. கடைசியில் அந்த மனிதரின் முகம் மெல்ல மலர்ந்தது. வேலைக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு ஒருவரும் முழு சைபரைக் கொண்டுவந்து காட்டியதில்லை. தசமத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பூட்டைத் திறந்தாச்சு சம்பந்தி. பேங்க்காரருக்கு இப்பவே சொல்லிடறேன். அடுத்த மாசமே வெச்சுக்கலாம். இனிமே யார் வந்து தடுத்தாலும் நிக்காது."

மாப்பிள்ளையின் அம்மா ஒரு கரண்டிச் சர்க்கரையோடு ஓடி வந்து தசமத்தின் வாயில் போட்டார். மாப்பிள்ளை உள்ளறையிலிருந்து வந்து நின்றார். சைபர் என்றதும் பேயறைந்தவர் மாதிரி ஆன முகம் இன்னும் தெளியவில்லை. கையிலிருந்த தொலைபேசி கிணுகிணுவென்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்தார், தசமத்தைப் பார்த்தார்.

"என்னடா அப்படியே நிக்கறே?" என்றார் சம்பந்தி. "போய் மாமாவைக் கீழே வரைக்கும் விட்டுட்டு வா."

சந்தோஷத்தில் தசமம் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினார். மாப்பிள்ளை பின்னாலேயே வந்தார். கண்ணுக்குக் கண்ணான பெண், தங்கமான பையன், தலைக்கு மேலே சுத்தமான வானம். ஒரு தகப்பனுக்கு வேறென்ன வேண்டும்? மூன்றாவது மாடித் திருப்பத்தில் மாப்பிள்ளை அவர் சட்டைக் கையை மெல்லப் பிடித்து நிறுத்தினார். மேலே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாமா, உங்க பொண்ணும் நானும் அந்த ஒரு கல்லைத்தான் மலைபோல நம்பியிருந்தோம், அடுத்த மாசத்துக்குள்ள வேற ஏதாவது வர்ற மாதிரி இருக்கான்னு அவங்கதான் உங்ககிட்டக் கேக்கச் சொன்னாங்க."